வீட்டில் பார்த்த ஹாஃப் இன்ஜின் வேலை: 260 மணி நேரம் ஓடிய பிறகு

எங்கள் ஏற்காடு காபித் தோட்டத்தில் ஓடும் ஏடிவிக்கு (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) 250 சிசி, ஏர்கூல்டு, ஒற்றை சிலிண்டர் இன்ஜின். உர மூட்டை, மிளகு, பறித்த பழம் எல்லாம் அதில்தான் ஏறும். ஹாஃப் இன்ஜின் வேலையை, அதாவது இன்ஜினின் அடிப்பாகத்தைப் பிரிக்காமல் சிலிண்டர், பிஸ்டன், வால்வு வரை மட்டும் பிரித்துச் சரிசெய்வதை, வீட்டுத் திண்ணையிலேயே பார்த்து இரண்டு பறிப்பு சீசன் முடிந்துவிட்டது. ஹவர் மீட்டர் கணக்குப்படி அதற்குப் பிறகு 260 மணி நேரம் ஓட்டம். இவ்வளவு நாள் காத்திருந்து எழுதக் காரணம் உண்டு. பிரித்துச் சேர்த்த இன்ஜின் முதல் மாதம் யாருக்கும் நன்றாகத்தான் ஓடும்.

முன்பு இருந்த நிலைமை: ஏற்றத்தில் நீலப் புகை, பத்து மணி நேரத்துக்குக் கால் லிட்டர் ஆயில். சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் 95 பிஎஸ்ஐ காட்டியது. மலையில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல இன்ஜினே இங்கே அந்த அளவுக்குக் குறைத்துத்தான் காட்டும். 150 வர வேண்டியதில் 125 வந்தால் பதற வேண்டாம். ஆனால் 95 வியாதிதான். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தேன், 120க்கு ஏறியது. வால்வில் ஒழுகினால் இப்படி ஏறாது. ஆக, தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உள்துளையான போரும்தான்.

பிரித்ததும் காரணமும் கிடைத்தது. ஏர் ஃபில்டர் ஃபோமின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். கார்த்திகை முதல் தை வரை பறிப்பு வேலையில் கிளம்பும் செம்மண் தூசி அதன் வழியாக உள்ளே போய், சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது.

சிலிண்டர் பேரலைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போர் போட, அதாவது தேய்ந்த உள்துளையைக் கடைந்து பெரிதாக்க, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கிச் சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

“பிஸ்டன் எங்க தம்பி?”

“போர் போட்ட அப்புறம் வாங்கிக்கலாம்னு இருந்தேண்ணே.”

“ஆளப் பாக்காம சட்டை தைக்கச் சொல்றீங்களா? போயி வாங்கியாங்க.”

0.50 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டனோடு மறுநாள் மறுபடி இறங்கினேன். பட்டறைக்காரர் பிஸ்டனின் அடிப்பாகத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.04 மிமீ இடைவெளி விட்டு போர் போட்டு, ஹோனிங்கும் (கல்லால் தேய்த்து உள்சுவரில் நுண்கோடு போடுவது) பண்ணிக் கொடுத்தார்.

வீட்டில் செய்ததில் உருப்படியான வேலை எது என்று கேட்டால், கழுவியதுதான். ஹோனிங் செய்த கல்லின் பொடி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் எண்ணெய்ப் பசைதான் போகும், பொடி போகாது. வெந்நீர், சோப்புத் தூள், பிரஷ். பிறகு அப்பாவின் பழைய வேட்டித் துணியில் புது ஆயில் நனைத்துத் துடைத்தேன். சாம்பல் நிறம். மறுபடி கழுவல். நான்காவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. அன்று பனி வேறு. கழுவிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் துரு பிடித்திருக்கும். உடனே ஆயில் பூசிவிட வேண்டும்.

ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) விஷயம் சுருக்கமாக: போர் அளவை 0.004ஆல் பெருக்கினால் பொதுவாகச் சரியாக வரும். 66 மிமீக்கு 0.26. எனக்கு 0.28 வந்தது. வால்வுகளைப் பேஸ்ட் போட்டு உராய்த்து, சீல் மாற்றினேன்.

சொதப்பியதும் நான்தான். இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க் கேஸின் வாயில் துணி அடைக்காமல், பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சின்ன லாக்கை மாட்டப் போய், ‘டிங்’ என்று உள்ளே விழுந்துவிட்டது. தங்கையின் கைப்பையில் இருந்த காந்தப் பொத்தானைப் பிய்த்து, கம்பி நுனியில் ஒட்டி, ஒன்றரை மணி நேரம் துழாவி எடுத்தேன். கைப்பைக்கு ஆன செலவு தனி.

இரண்டாவது தப்பு சோம்பேறித்தனம். வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை மாற்ற, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னெட்டைக் கழற்ற வேண்டும், என்னிடம் அதை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லை, பழைய செயினே போதும் என்று விட்டுவிட்டேன். 190 மணி நேரத்தில் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் சலசல சத்தம். புல்லர் வாங்கி மறுபடி பிரித்ததில் இரண்டு ஞாயிறு போனது. பேரலைக் கழற்றும் கையோடு செயினையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது கம்ப்ரஷன் 125. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு மில்லி ஊற்றினால் அதிகம். மூட்டையோடு ஏறும்போதும் புகை இல்லை.

ஃபில்டர் ஃபோம் இரண்டு வைத்திருக்கிறேன். பறிப்பு சமயத்தில் வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி, காய்ந்ததும் ஃபில்டர் ஆயில் தடவி மாற்றுகிறேன். இந்தப் பனியில் ஒன்று காயவே இரண்டு நாள் ஆகிறது. இந்த வாரத்து ஃபோம் இப்போது அடுப்படிக் கொடியில் தொங்குகிறது. அம்மா அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே தோசை சுடுகிறார்.