இண்டக்‌ஷன் ஃபர்னஸில் டன்னுக்கு யூனிட் குறைய உண்மையில் உதவியவை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மின்காந்தத் தூண்டலால் உலோகத்தை உருக்கும் மீடியம் ஃப்ரீக்வென்சி ஃபர்னஸில் கரண்ட் அதிகம் ஆகிறது என்றால் உடனே மின்சாரம் கொடுக்கும் பேனலைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. ஒரு டன் வார்ப்பிரும்பை 1500 டிகிரிக்கு ஏற்ற, கணக்குப்படி 400 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். நடைமுறையில் 550 முதல் 650 வரை ஆகிறது. கூடுதலில் பெரும்பங்கு ஃபர்னஸைச் சுற்றியுள்ள செப்புச் சுருளான காயிலைக் குளிர்விக்கும் தண்ணீரோடு போய்விடும். அதை நம்மால் அதிகம் மாற்ற முடியாது. மிச்சம் பிடிக்க முடிவது மூடியிலும் மணலிலும் காத்திருப்பிலும்தான்.

முதல் மதிப்பெண் மூடிக்கு. 700 மி.மீ. விட்டமுள்ள வாய் 1450 டிகிரியில் திறந்து கிடந்தால், கதிர்வீச்சாக மட்டுமே 50 கிலோவாட்டுக்கு மேல் போகும். மூடி வாங்கிப் போடுவது எளிது, அதை மூட வைப்பதுதான் பாடு. வாய் விளிம்பில் ஸ்லாக் (உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கசடு) தெறித்து உறைந்துவிடும், மூடி சரியாக உட்காராது, கீல் இறுகும், ஆபரேட்டர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒவ்வொரு ஹீட்டும், அதாவது ஒருமுறை உருக்கி ஊற்றுவது, முடிந்த பிறகு, விளிம்பு சூடாக இருக்கும்போதே கம்பியால் சுரண்டிவிட வேண்டும். உட்புறம் செராமிக் ஃபைபர் வைத்த மூடி எடை குறைவு, ஆனால் தெறிப்பில் சீக்கிரம் உதிரும். கேஸ்டபிள் (சிமெண்ட் போல வார்த்து இறுகவிடும், வெப்பம் தாங்கும் கலவை) மூடி நெடுநாள் நிற்கும். தூக்க ஹைட்ராலிக் வேண்டும்.

அடுத்தது மணல். மணல் அச்சில் வார்த்தபின் வெட்டியெடுத்து மறுபடி உருக்கும் ரன்னர் (உலோகம் ஓடும் வழி), ரைசர் (சுருங்கும் வார்ப்புக்கு உலோகம் ஊட்டும் பகுதி) ஆகியவற்றை ஒட்டிய மணலோடு அப்படியே போட்டால், டன்னுக்கு 10 கிலோ மணலுக்கே குறைந்தது 5 யூனிட் வீண். ஸ்லாக் அள்ளும் நேரம் முழுக்க மூடி திறந்திருப்பது தனிக் கணக்கு. ஷாட் பிளாஸ்ட் (சிறு உலோக மணிகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) செய்துவிட்டு சார்ஜ் பண்ணுங்கள் (ஃபர்னஸில் போடுங்கள்). துரு ஏறிய ஸ்கிராப் ஃபர்னஸின் உட்பூச்சான சிலிக்கா லைனிங்கையும் சேர்த்தே அரிக்கும். ஈரமான டர்னிங் (லேத்தில் கடையும்போது விழும் சீவல்), மூடிய குழாய் இரண்டும் திரவ உலோகத்துக்குள் போனால் வெடிக்கும். இதில் சலுகையே கிடையாது.

துண்டின் நீளம் ஃபர்னஸ் விட்டத்தில் மூன்றில் ஒன்றுக்குள் இருக்கட்டும். நீளமானவை குறுக்கே சிக்கிப் பாலம் கட்டும். மேலே இருண்டு அசையாமல் கிடக்கும், அடியில் உலோகம் அளவுக்கு மீறிக் கொதித்து லைனிங்கைத் தின்னும். அப்போது பவரை ஏற்றுவதுதான் மோசமான செயல். பவரைக் குறைத்து, திரவம் பாலத்தைத் தொடும்படி ஃபர்னஸைச் சாய்த்தால் பாலம் கரைந்து விழும்.

கார்பன் பொடியை முதல் சார்ஜோடு அடியில் போடுங்கள், ஃபெரோசிலிக்கானை (சிலிக்கான் கலந்த இரும்பு) கடைசியில். சிலிக்கான் முன்பே ஏறிவிட்டால் கார்பன் கரையத் தாமதமாகும். அந்த நேரமும் மீட்டரில்தான் ஓடும். லேடிலை (உருகிய உலோகத்தை எடுத்துச் சென்று ஊற்றும் பாத்திரம்) காய்ச்சாமல் வைத்துக்கொண்டு அதை ஈடுகட்ட 50 டிகிரி கூடுதலாக ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். உலோகத்துக்குள் போகும் வெப்பம் மட்டுமே டன்னுக்குச் சுமார் 11 யூனிட். லேடில் பர்னருக்குச் செலவழிப்பதே மேல். மோல்டு (வார்ப்பு அச்சு) தயாராகாமல் 1500-இல் பிடித்து வைத்தால் கார்பன் குறையும், சிலிக்கான் ஏறும், லைனிங் கரையும்.

யூனிட்டை லைனிங் வயதோடு சேர்த்து எழுதுங்கள். புது லைனிங் தடிமனாக இருப்பதால் ஃபர்னஸ் பவர் குறைவாகவே இழுக்கும். தேயத்தேய உருகும் வேகம் கூடும். இதைப் பார்த்து ஃபர்னஸ் நன்றாக ஓடுகிறது என்று நினைத்து லைனிங்கை நீட்டித்தால், உலோகம் காயிலுக்கு ஓடிவிடும் ஆபத்து உண்டு.

கணக்கை உருகிய டன்னோடு நிறுத்த வேண்டாம். 600 யூனிட்டில் உருக்கி, அதில் 60 சதவீதம்தான் நல்ல வார்ப்பாக வெளியே போகிறது என்றால், விற்கும் டன்னுக்கு ஆவது 1000 யூனிட். ரைசரைச் சிறிதாக்கினால் கிடைக்கும் லாபம் பல சமயம் ஃபர்னஸில் செய்யும் எதையும்விடப் பெரிது.