பி.சி.ஏ. சேர்க்கை என்று பணம் வாங்கும் ‘ஸ்டடி சென்டர்’கள்: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டியல் இளநிலை) பட்டம் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் என்னிடம் 28,000 ரூபாய் வாங்கியது. முதல் செமஸ்டர் தேர்வும் எழுத வைத்தது. கடைசியில், அப்படி ஒரு மாணவரே தங்களிடம் இல்லை என்று பல்கலைக்கழகம் எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டது. பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பட்டம் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

நான் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் பில் போடும் வேலை பார்க்கிறேன். ஸ்டாக் கணக்கு மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்டியே அதில் ஆர்வம் வந்தது. கல்லூரிக்குப் பகலில் போக வழியில்லை. எங்கள் மாவட்டத் தலைநகரில் டேலி, டி.டி.பி., தட்டச்சு எல்லாம் சொல்லித்தரும் ஒரு சென்டர் பல வருடங்களாக இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் அங்கேதான் டேலி படித்தார்கள். சென்டரில் சொல்லிக்கொடுத்த விதத்தில் யாருக்கும் குறையில்லை. அந்த நல்ல பெயரைத்தான் சென்டர்காரர்கள் விற்றார்கள் என்பது பிறகு புரிந்தது.

வட மாநிலம் ஒன்றில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. என்றார்கள். “தம்பி, யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறது, கடிதமே இருக்கிறது, பாருங்கள்” என்று மேலாளர், பல்கலைக்கழக மானியக் குழுவான அந்த யு.ஜி.சி.யின் கடித நகல் ஒன்றை மேசைமீது வைத்தார். அந்தக் கடிதம் போலியில்லை. பிரச்சினை எங்கே என்றால், அது சொல்லும் செய்தி வேறு. யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்கீழ் அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் உள்ளது என்பதற்கான கடிதம் அது. ஒரு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இருப்பது ஒன்று; தொலைநிலையில் ஒரு படிப்பை நடத்த அனுமதி பெற்றிருப்பது முற்றிலும் வேறு. இரண்டாவது அனுமதியை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகம் கையாள்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தனித்தனியாக அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பி.பி.ஏ.வுக்கு அனுமதி வாங்கிய இடத்தில் பி.சி.ஏ.வுக்கு இல்லாமல் போகலாம். போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம். நான் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் பி.சி.ஏ.வுக்கு நேராக எங்குமே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொலைநிலைப் படிப்புகளைத் தனியார் மையங்களிடம் ஃபிரான்சைஸி முறையில் ஒப்படைப்பதை யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. மாநிலச் சட்டத்தால் உருவான ஒரு தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டிக் கிளை விரிக்கக் கூடாது என்பதை யு.ஜி.சி. பல ஆண்டுகளாக அறிவித்தும் வருகிறது. 2005-இல் சத்தீஸ்கர் தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றிய யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆக, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு சென்டர் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு ‘அட்மிஷன்’ போடுகிறது என்றாலே, கடிதத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிடலாம்.

நான் சேர்ந்தது 2025 ஜனவரி பருவம். அதற்கு முன்பே, 2024-இலிருந்து, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரும் ஒவ்வொருவரும் ‘டெப் ஐடி’ (டெப் என்பது அந்தத் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற தனி எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று யு.ஜி.சி. கட்டாயமாக்கிவிட்டது. மாணவரே யு.ஜி.சி. தளத்துக்குள் போய், டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும் ஏபிசி ஐடியை (மாணவரின் கல்விக் கணக்கு எண்) வைத்து அதை உருவாக்க வேண்டும். ஒரு நண்பன் இதைச் சொல்லியிருந்ததால் கேட்டேன். “அது ஆன்லைனில் படிக்கிறவர்களுக்கு, தம்பி. நமக்கு வேண்டாம். வேண்டுமென்றால் நாங்களே போட்டுக்கொள்வோம்” என்றார் மேலாளர். அவ்வளவு நிதானமாகப் பொய் சொல்லும் மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. டெப் ஐடி கேட்காமல் ஒருவர் உங்களைத் தொலைநிலைப் படிப்பில் சேர்க்கிறார் என்றால், அவர் உங்களை எங்குமே சேர்க்கவில்லை என்று பொருள்.

இப்போது ரசீது. வெளிர்மஞ்சள் தாள், மேலே சென்டரின் பெயர், முகவரி. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. ‘விவரம்’ என்ற கட்டத்தில் பேனாவால் ‘கணினிப் பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதி, அதன்கீழ் சிறிய எழுத்தில் ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப். பி.சி.ஏ. என்ற மூன்று எழுத்து எங்கே என்று கேட்டதற்கு, “ஜி.எஸ்.டி. கணக்குக்காக அப்படி எழுதுகிறோம், யுனிவர்சிட்டி ரசீது தபாலில் வரும்” என்று பதில் வந்தது. தபாலில் எதுவும் வரவில்லை. உண்மையான திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பல்கலைக்கழகத்தின் தளத்தில், பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாகப் போகும். ரசீதில் உங்கள் பதிவு எண்ணும் படிப்பின் பெயரும் இருக்கும். இதற்கு மாறாக ஒரு கூகுள் பே எண்ணைக் காட்டி அனுப்பச் சொன்னால், அந்த எண் யாருடையதோ அவருடைய வீட்டுச் செலவுக்குத்தான் அந்தப் பணம்.

டி.சி.யையும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழையும் அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘வெரிஃபிகேஷன் முடிந்ததும் தருகிறோம்’ என்றார்கள். கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கே இல்லாத உரிமை ஒரு டைப்பிங் சென்டருக்கு எங்கிருந்து வரும்?

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டேலி சொல்லித்தரும் அதே அக்கா சி நிரல்மொழியும் எடுத்தார். பாவம், அவருக்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று பிறகு தெரிந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்ட நோட்ஸ் ஒன்றைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த நோட்ஸில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘ஃபார் லூப்’ கட்டளை பற்றிய பக்கத்தில் ஒரு பிழை இருந்தது. அடைப்புக்குறிக்குள் முதல் அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி. சி தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு அரைப்புள்ளிகள் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் கம்பைல் ஆகாது, அதாவது கணினி அதை ஏற்காது. அலுவலகக் கணினியில் அதை அப்படியே அடித்துப் பார்த்துப் பிழைச்செய்தி வாங்கியவன் நான் என்பதால் அந்தப் பக்கம் நன்றாக நினைவிருக்கிறது.

செமஸ்டர் தேர்வு அதே சென்டரின் அதே அறையில் நடந்தது. ஹால் டிக்கெட் என்று கையில் கிடைத்தது, புகைப்படம்கூட இல்லாத ஒரு தாள். வினாத்தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது, வினாத்தாள் குறியீட்டு எண் இல்லை. விடைத்தாள் சாதாரணக் கோடு போட்ட தாள். இதெல்லாம் உறுத்தினாலும், என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ‘கீழ்க்காணும் நிரலின் வெளியீட்டை எழுதுக’. கீழே அந்த ஃபார் லூப். அதே எண்கள், அதே மாறிப் பெயர்கள், அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அதே காற்புள்ளி. எங்கோ வடக்கே இருக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு, எங்கள் ஊர் ஸ்பைரல் நோட்ஸின் அச்சுப் பிழையை எப்படி எடுத்திருக்கும்? ‘இந்த நிரல் கம்பைல் ஆகாது’ என்று எழுதிவிட்டு வந்தேன். முடிவு வந்தபோது அந்தத் தாளுக்கு எனக்கு 74. பக்கத்தில் உட்கார்ந்து பாதித் தாளைக் காலியாக விட்டவருக்கும் 74.

அந்த ‘முடிவு’ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எஃப். அதில் இருந்த பதிவு எண்ணைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் போட்டால் ஒன்றும் வரவில்லை. பதிவாளருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பெயர், பிறந்த தேதி, அந்தப் பதிவு எண், சென்டரின் பெயர் எல்லாவற்றையும் கொடுத்து நேரடியான மூன்று கேள்விகள்: நான் உங்கள் மாணவனா, இந்த மையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களா, தொலைநிலையில் பி.சி.ஏ. நடத்துகிறீர்களா. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கையில் அந்த மின்னஞ்சல் இருந்தது போதுமானதாக இருந்தது.

அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேலாளரிடம் வைத்ததும் தம்பி போய் ‘மிஸ்டர்’ வந்துவிட்டது. முதலில் பல்கலைக்கழகத்தில் ஆள் மாறிவிட்டார்கள் என்று பூசி மெழுகினார். பிறகு, மூன்றாம் ஆண்டில் எல்லாம் மொத்தமாக ‘அப்டேட்’ ஆகிவிடும் என்றார். கடைசியில் ரசீதைக் கையில் எடுத்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது? கணினிப் பயிற்சி. பயிற்சி கொடுத்தோமா இல்லையா?” என்று கேட்டார். அந்த ரசீதை முதல் நாளிலேயே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

என்னோடு படித்தவர்களில் பலர் புகார் கொடுக்க வரவில்லை. சான்றிதழ் அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற பயம். பிளஸ் டூவில் வணிகவியல் படித்த ஒரு தங்கையிடம், இந்த பி.சி.ஏ.வை முடித்தால் என்.ஐ.டி.யில் (தேசிய தொழில்நுட்பக் கழகம்) முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ. சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்.ஐ.டி. எம்.சி.ஏ.வுக்கான ‘நிம்செட்’ நுழைவுத் தேர்வு எழுதப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ பாடமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த பாடப் பட்டியலில் இரண்டும் கிடையாது. பட்டமே இல்லாத இடத்தில் பாடத்தைப் பற்றிப் பேசி என்ன, அதுவும் சரிதான்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு, அதாவது பழைய 420, இதற்குப் பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞர் எழுதித் தந்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதிந்தேன். காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் போனதுமே சான்றிதழ்கள் வெளியே வந்தன. அந்த வேகம் எனக்கே ஆச்சரியம்.

இதைப் படித்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியே ஏமாற்று என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முறையான அனுமதியோடு படித்து வாங்கும் தொலைநிலைப் பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்று யு.ஜி.சி. விதிமுறையே சொல்கிறது. 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பி.சி.ஏ. நடத்துகின்றன. அவற்றிலும் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பணியகத்தின் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிட்டே கட்டுங்கள். நேரடியாகக் கல்லூரியில் சேர்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: 2024-25 கல்வியாண்டு முதல் இணைப்புக் கல்லூரிகளின் பி.சி.ஏ. படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதிக்குள் வந்துவிட்டது. கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலிலும், இணைப்புக் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சான்றிதழைத் திருப்பித் தரும்போது என் முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். ‘சொந்தக் காரணங்களால் பயிற்சியை நிறுத்திக்கொள்கிறேன், மையத்திடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை’ என்று முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் புகார் அங்கேயே செத்துவிடும். இரண்டு வரிகளையும் குறுக்கே அடித்துவிட்டு, ‘டி.சி., பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அசல் மட்டும் பெற்றுக்கொண்டேன். கட்டணம் 28,000 ரூபாய் எனக்குத் திரும்ப வர வேண்டியுள்ளது’ என்று என் கையால் எழுதித் தேதியிட்டு, அதைப் படமும் எடுத்துக்கொண்டேன். மேலாளருக்கு முகம் சுருங்கியது, ஆனால் வாசலில் காவலர் நின்றிருந்தார். இதுவரை 10,000 ரூபாய் வங்கி வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. மீதிக்கு விசாரணை நடக்கிறது. ரொக்கமாகத் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பணம் கணக்குக்கு வரட்டும், புகாரைப் பற்றி அதன்பிறகு வழக்கறிஞர் பேசுவார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.