ஓடுபவரின் கால்வலிக்கு ஓய்வா, ஐஸா, பயிற்சியா?

ஓடுகிறவருக்குக் கால் வலித்தால் சுற்றியிருப்பவர்கள் சொல்வது மூன்றுதான்: கொஞ்ச நாள் சும்மா இரு, ஐஸ் வை, பயிற்சி செய். மூன்றிலுமே விஷயம் இருக்கிறது. ஆனால் வலிப்பது எலும்பா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா என்று பார்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் இழுத்துவிடும்.

ஐஸை முதலில் முடித்துவிடலாம். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முதலுதவியை 1978-இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். கணுக்கால் பிசகிய அன்று, வலி அடங்க துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், அவ்வளவுதான். வலி மாத்திரையும் இதே ரகம். அதிலும் இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆகாது.

உண்மையான போட்டி ஓய்வுக்கும் பயிற்சிக்கும்தான். குதிகாலுக்கு மேலே இருக்கும் அகிலிஸ் தசைநாணை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விறைத்துக்கொள்ளும், ஓட ஆரம்பித்தால் இளகும், மறுநாள் காலை மறுபடி விறைக்கும். ஓய்வு எடுத்தால் வலி போய்விடும், ஆனால் சும்மா கிடக்கும் தசைநாண் பலம் இழக்கும். பழைய தூரத்தைத் தொட்டதும் வலி திரும்ப வந்து நிற்கும்.

இங்கே பயிற்சிதான் ஜெயிக்கிறது. ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை வீதம் 3 சுற்று. முழங்காலை நீட்டி இந்த 3 சுற்று, சற்று மடக்கி இன்னொரு 3 சுற்று. தினம் இருவேளை, 12 வாரம். அலுப்பான வேலைதான், பலரும் பாதியில் விடுவதும் அதனால்தான். ஒரு விதிவிலக்கு: தசைநாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையிலேயே செய்ய வேண்டும்.

உள்ளங்கால் வலிக்கு, அதாவது காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுள்ளென்று குத்தும் வகைக்கு, ஏறக்குறைய இதே வைத்தியம்தான். விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால் இடுப்பு, தொடைத் தசைகளுக்குப் பலம் சேர்க்க வேண்டும். அப்புறம், காலடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் மேல் விழும் பாரம் குறையும்.

இந்த வலிகளுக்கு ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் ஓடலாம். அடங்கவில்லையா, தூரத்தைக் குறைக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்புக்கு வந்தால் கணக்கு தலைகீழ். உள்பக்க விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் தூரத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலித்தால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்வது வினையை விலைக்கு வாங்குவது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். சந்தேகம் தீர எம்ஆர்ஐ வேண்டியிருக்கும். பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓட்டமே கிடையாது. மூச்சுத் திறன் குறையாமல் இருக்க நீச்சல் இருக்கிறது.

தொடை இடுக்கில் ஆழமாக, கால் ஊன்றும்போதெல்லாம் வலித்தால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டுக்குக் கீழே குறுகும் பகுதியில், கீறல் விட்டிருக்கலாம்; அது முழு முறிவானால் அறுவைசிகிச்சைதான். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.