கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்: எந்த உறுமலுக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, இரண்டு பக்கமும் ஆர்சிஏ அல்லது 3.5 மிமீ ஜாக். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கு இந்த ஐசோலேட்டர் கிடைக்கிறது. ஸ்பீக்கரில் விடாமல் 'ம்ம்ம்' என்று உறுமல் வருகிறது என்று சொன்னால் பல கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். சரியான இடத்தில் மாட்டினால் அந்த நொடியே அறை அமைதியாகிவிடும். கோளாறு வேறு எங்கோ இருக்க இதை மாட்டினால் உறுமலும் போகாது, பேஸும் மெலிந்துவிடும்.

அதனால் வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். முதலில் ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) வால்யூமைக் குறையுங்கள். உறுமலும் சேர்ந்து குறைந்தால் அது டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் அல்லது இவற்றின் ஒயர் வழியாக உள்ளே வருகிறது. குறையவில்லை என்றால் ஆம்பை அணைத்து, இன்புட் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஆம்ப் என்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மேல்தான் முதல் சந்தேகம். அதைச் சரிசெய்ய மெக்கானிக் வேண்டும், ஐசோலேட்டர் உதவாது. தனி ஆம்ப் கொண்ட சப்வூஃபர் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் போகும் ஒயர் ரிசீவரின் (ஹோம் தியேட்டர் ஆம்பின்) வால்யூமுக்குப் பிறகு வருவதால், வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் லூப் உறுமல், அதாவது இரண்டு எர்த் இணைப்புகள் ஆடியோ ஒயர் வழியாக ஒரு வளையமாகச் சேர்வதால் வரும் உறுமல், கேட்கும். அங்கே ஒயரைக் கழற்றிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

காதாலும் ஓரளவு பிரித்தறியலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லூப் உறுமலில் பெரும்பாலும் அந்த அடித்தொனியே மேலோங்கும். கெபாசிட்டர் பழுதான ஆம்பில் ரெக்டிஃபையரிலிருந்து (ஏசியை டிசியாக்கும் பகுதி) வரும் 100 ஹெர்ட்ஸ் ஓர் ஆக்டேவ் மேலே, சற்றுக் கரகரப்பாகக் கேட்கும். சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் சரியாக வராது என்பதால் இதைச் சப்வூஃபரில் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் சும்மா இருந்து ஆம்ப் பெட்டியே முனகினால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. எந்த ஒயரை மாற்றினாலும் அது போகாது.

உறுமல் இன்புட் பக்கம்தான் என்று உறுதியானால், டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வரும் கேபிள் ஒயரை முதலில் கழற்றுங்கள். புதிர் அவிழும் இடம் பெரும்பாலும் இதுதான். கேபிளின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) தெருவிலிருந்து ஓர் எர்த்தைக் கொண்டு வருகிறது. ஆம்பின் அல்லது சப்வூஃபரின் மூன்று பின் பிளக் வீட்டு எர்த்தைக் கொண்டு வருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக மின்னோட்டத்தைப் பாயவைக்கிறது. ஆர்சிஏ ஒயரில் சிக்னல் திரும்பிச் செல்வதும் அதே ஷீல்டில்தான் என்பதால் உறுமல் நேராகப் பாட்டோடு கலந்துவிடுகிறது. அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது லேப்டாப் சார்ஜர். அதைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டும்போது இரைச்சல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இந்த இரண்டு கோளாறுகளிலும் ஐசோலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனாலும் செலவில்லாத வழிகளை முதலில் பார்த்துவிடுங்கள். எல்லாப் பெட்டிகளையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பல லூப்கள் அடங்கிவிடும். டிவியிலும் ரிசீவரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் ஒளி மட்டுமே போவதால் லூப் உருவாக வழியே இல்லை.

டப்பாவுக்குள் இருப்பவை சேனலுக்கு ஒன்றாக இரண்டு 1:1 டிரான்ஸ்ஃபார்மர்கள். சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது, எர்த் தொடர்பு அறுந்துவிடுகிறது. மலிவு டப்பாவின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஒரே வோல்டேஜில் 40 ஹெர்ட்ஸ் சிக்னல் கோருக்கு (சுருளுக்கு நடுவிலுள்ள காந்த உலோகம்) தரும் சுமை, 1000 ஹெர்ட்ஸ் தருவதைப் போல 25 மடங்கு. சிடி பிளேயரின் முழு 2 வோல்ட்டும் உள்ளே போனால் சின்ன கோர் தாங்காது, தவில் அடியும் பேஸ் கிட்டாரும் குழம்பிப்போகும். சிக்னல் கொடுக்கும் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸும் (ஓமில் சொல்லும் மின்தடை அளவு) முக்கியம். டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) 1 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 50 ஓம் அவுட்புட்டில் 8 ஹெர்ட்ஸ் வரை பேஸ் நிற்கும். 1000 ஓம் அவுட்புட்டிலோ ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸிலிருந்தே சரியத் தொடங்கும். மொபைலின் ஹெட்ஃபோன் ஜாக்கில் நன்றாகக் கேட்ட அதே டப்பா வேறொரு கருவியில் மெலிந்து ஒலிப்பது இதனால்தான். நிக்கல் கலப்புக் கோரும், வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறையும் கொண்ட ஜென்சன் (ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் நிறுவனம்) ரகப் பெட்டிகள் விலை பல மடங்கு அதிகம். பெரிய ஸ்பீக்கரில் கவனமாகப் பாட்டு கேட்பவர்களுக்கு அந்த விலை தகும். டிவி ஒலிக்கு மலிவு டப்பாவே போதும்.

மாட்டும் இடம் சோர்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் டப்பாவே அந்த உறுமலை இழுத்துக்கொள்ளும். ரெக்கார்ட் பிளேயர் கார்ட்ரிஜ் (ஊசி பொருத்திய பகுதி) தருவது சில மில்லிவோல்ட்தான், அந்த ஒயரில் இதை மாட்டவே கூடாது. அதன் தனி எர்த் ஒயர் ஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஸ்பீக்கர் ஒயரிலும் கோஆக்ஸியல் டிஜிட்டல் ஒயரிலும் இதற்கு இடமில்லை. சப்வூஃபர் ஒயரில் மாட்டினால் உறுமல் நிற்கும், ஆனால் அடி பேஸுக்குத்தான் நஷ்டம். கேபிள் டிவியால் வந்த உறுமல் என்றால் கேபிள் ஒயரிலேயே மாட்டும் ஆர்எஃப் ஐசோலேட்டர் இதைவிட நல்ல தீர்வு. டிஷ் ஒயரில் அதை மாட்டாதீர்கள். எல்என்பிக்கு (டிஷ் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி) 13 அல்லது 18 வோல்ட் டிசி அந்த ஒயரில்தான் போகிறது, அது தடைபட்டால் படம் வராது.

ஒரு சேனல் விட்டுவிட்டு வருவது, வால்யூம் திருகும்போது கரகரப்பது எல்லாம் ரிலே (ஆம்புக்குள் இருக்கும் தானியங்கி சுவிட்ச்), பாட் (வால்யூம் திருகியின் உள் பாகம்) ஆகியவற்றின் அழுக்கு. இந்தப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் ஆம்பின் உலோக உடம்புக்கே வந்துவிடும், தொடுபவரின் உயிர் போகலாம். பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும்.

கடையில் வாங்கும்போது மல்டிமீட்டர் கேட்டு வாங்குங்கள். இன்புட் பக்க வெளி வளையத்துக்கும் அவுட்புட் பக்க வெளி வளையத்துக்கும் இடையே கன்டின்யூட்டி (நேரடி மின் தொடர்பு) இருக்கக் கூடாது. ஒரே பக்கத்தில் நடுப் பின்னுக்கும் வளையத்துக்கும் இடையே சுருளின் ஓம் அளவு காட்ட வேண்டும், இடது வலது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக. முதல் சோதனையில் பீப் சத்தம் வந்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.