ஒன்ஜியாலஜி: உலகப் பாறைப் படம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

பல நாடுகளின் நிலவியல் வரைபடங்களை ஒரே திரையில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம் ஒன்ஜியாலஜி என்ற இணையதளம்தான். பார்ப்பதற்கென்று போனால் மனநிறைவோடு திரும்பலாம். தரவை இறக்கிக்கொள்ளப் போனால் பல நாடுகளுக்கு வெறும் படம்தான் கிடைக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இங்கே எந்த நாட்டின் தரவும் ஓரிடத்தில் குவித்து வைக்கப்படவில்லை.

பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் 2006இல் இந்த யோசனையை முன்வைத்தது. 2007 மார்ச்சில் பிரைட்டனில் கூடிய பல நாட்டு ஆய்வு நிறுவனங்கள் அதை ஏற்றன. 2008 ஆகஸ்டில் ஆஸ்லோவில் நடந்த 33ஆவது சர்வதேச நிலவியல் மாநாட்டில் இணையதளம் வெளியானது. பிரான்ஸின் நிலவியல் ஆய்வு நிறுவனமான பி.ஆர்.ஜி.எம். தளத்தை அமைத்துக் கொடுத்தது. பிறகு 100க்கும் மேற்பட்ட நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் வரைபடத்தைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும். தளம் அந்தந்த சர்வரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். சர்வர் வைக்க வசதியில்லாத நாட்டுக்கு இன்னொரு நாட்டின் நிறுவனம் தன் சர்வரில் இடம் கொடுக்கும். தரவைக் கையைவிட்டுக் கொடுக்கத் தேவையில்லை என்றதால்தான் இத்தனை நாடுகள் உள்ளே வந்தன. வரைபடத்தைத் திருத்துபவர் தன் சர்வரில் திருத்தினால் போதும், உலகம் முழுக்க அது தெரியும். நிலவியல் துறையில் இதைவிட நேர்மையான ஒத்துழைப்பு ஏற்பாட்டைக் காட்டுவது கடினம்.

இனி நடைமுறை. இணையதளத்தோடு நிற்காமல் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதே சர்வர்களை நேரடியாகத் திறப்பதே நல்ல வழி. லேயர் மெனுவில் ஆட் லேயர், அதற்குள் டபிள்யூ.எம்.எஸ். (வரைபடத்தைப் படமாக அனுப்பும் சேவை) வரியைத் தேர்ந்து, புதிய இணைப்பில் அந்த நாட்டு நிறுவனத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை முழுவதும் அழித்துவிடக் கூடாது. சில சர்வர்களுக்கு அங்கே மேப் என்ற மாறி கட்டாயம். அது இல்லாவிட்டால் பட்டியலே வராது. லேயர் பெயர்களைப் படிப்பது எளிது: நாட்டின் மூன்றெழுத்துக் குறி, நிறுவனம், அளவு, பொருள் என்ற வரிசையில்தான் இருக்கும். பட வடிவமாக பி.என்.ஜி.யைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் எடுத்தால் நிறங்கள் கலங்கி, கீழே உள்ள லேயரும் மறைந்துபோகும்.

மிக அதிகமாகக் கண்ணைக் கட்டும் கோளாறு அச்சு வரிசை. டபிள்யூ.எம்.எஸ். 1.1.1 பதிப்பில் ஈ.பி.எஸ்.ஜி. 4326 (அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஆயத்தொலைவு முறையின் குறியீடு) என்று கேட்டால் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. 1.3.0 பதிப்பில் அப்படியே தலைகீழ். 5,45,10,50 என்று எல்லை கொடுத்தால் பழைய பதிப்பு ஆல்ப்ஸ் மலையைத் தரும். அதே எண்களைப் புதிய பதிப்பு சோமாலியா என்று புரிந்துகொள்ளும். ஒரு நாட்டின் சர்வரில் சோமாலியா எப்படி இருக்கும்? வெற்றுப் படம் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. சர்வர் படுத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். எண்களை 45,5,50,10 என்று மாற்றினாலோ, தீர்க்கரேகையையே முதலில் வைக்கும் சி.ஆர்.எஸ். 84 முறையில் கேட்டாலோ சரியாகிவிடும். கியூஜிஐஎஸ் தானாகவே வரிசையைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் சர்வர் விதிப்படி நடக்காதபோது இணைப்பு அமைப்பில் அச்சு திசையைப் புறக்கணிக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டியிருக்கும்.

லேயர் பட்டியலில் இருந்தும் திரையில் எதுவும் தெரியவில்லையென்றால் அடுத்த சந்தேகம் அளவு வரம்பு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நெருங்கினால் படத்தை மறைத்துவிடும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. இதைக் குறை சொல்ல முடியாது. ஒன்ஜியாலஜியின் இலக்கு அளவு 1:10,00,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பாறை எல்லைக்கோடே 500 மீட்டரை விழுங்கிவிடும். கிணறு எங்கே தோண்டுவது, அணையின் அடித்தளத்தில் பிளவு ஓடுகிறதா என்பதையெல்லாம் இந்தப் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இணையதளத்தில் மட்டும் லேயர் காணாமல்போய் கியூஜிஐஎஸ்ஸில் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் வேறு: அந்த நாட்டு சர்வர் இன்னும் பழைய எச்.டி.டி.பி.யில் இருக்கும், பாதுகாப்பான பக்கத்துக்குள் அதை ப்ரௌசர் அனுமதிக்காது.

எல்லையில்தான் இந்தச் சேவையின் உண்மையான சோதனை. இரண்டு நாட்டு லேயர்களைப் போட்டு எல்லைக்கோட்டை நெருங்கிப் பாருங்கள். ஒரே மணற்கல் படுகை இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். ஒருவர் வயதை வைத்து நிறம் கொடுத்திருக்கிறார். கிரிட்டேசியஸ் என்ற நிலவியல் காலத்தைச் சேர்ந்தது என்பதால் பச்சை. மற்றவர் பாறை வகையை வைத்துக் கொடுத்திருக்கிறார். இருவரும் வயதையே எடுத்துக்கொண்டாலும், ஒருவர் மேல் கிரிட்டேசியஸ் என்று பிரித்திருப்பார், மற்றவர் அதற்கு முந்தைய ஜுராசிக் முதல் கிரிட்டேசியஸ் வரை என்று சேர்த்து எழுதியிருப்பார். ஒரு வரைபடம் அடிப்பாறையைக் காட்டும், இன்னொன்று அதன்மேல் கிடக்கும் வண்டலையும் சேர்த்துக் காட்டும். பாறைகள் எல்லை பார்ப்பதில்லை, வரைந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நிலத்தடி நீர்ப்படுகை இரு நாடுகளுக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் இந்த முறிவைப் பிளவு என்று படித்துவிட்டால் ஆய்வே தவறான பாதையில் போகும். எல்லைக்கோட்டோடு அச்சாக ஒட்டி ஓடும் எந்தப் பாறை எல்லையையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதற்கான மருந்து ஜியோசைஎம்எல் என்ற பொதுத் தரவு வடிவம். சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் சி.ஜி.ஐ. ஆணையம் உருவாக்கியது, 4.1ஆம் பதிப்பு 2017இல் ஓ.ஜி.சி. என்ற புவித்தரவுத் தர அமைப்பின் தரமாகவும் வெளியானது. இதைப் பின்பற்றும் நாட்டின் தரவில் ஒவ்வொரு பாறை அலகுக்கும் அந்த நாட்டு மொழி விளக்கத்தோடு, உலகப் பொதுச் சொற்பட்டியலில் அதன் பாறை வகைக்கும் வயதுக்கும் உரிய இணைய முகவரி இணைக்கப்பட்டிருக்கும். அப்போது நிறத்தை நம்பத் தேவையில்லை. இரு நாட்டுத் தரவையும் அந்த முகவரியை வைத்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவரலாம். 2008 முதல் 2010 வரை நடந்த ஒன்ஜியாலஜி யூரோப் திட்டம் இது சாத்தியம் என்று காட்டியது. கோடுகள் பொருந்தாத இடங்கள் அங்கேயும் மிஞ்சின; அதற்குக் களத்துக்குப் போய் மறுபடி வரைவதைத் தவிர வழியில்லை.

தரவையே இறக்க டபிள்யூ.எஃப்.எஸ். சேவை வேண்டும்; அது படத்தை அல்ல, பாறை எல்லைகளையும் அவற்றின் விவரங்களையும் தரவாகவே அனுப்பும். அதைத் தரும் நாடுகள் படம் தரும் நாடுகளைவிடக் குறைவு. கிடைத்தால் முழு ஜியோசைஎம்எல் வடிவத்தை விட்டு லைட் வடிவத்தைக் கேளுங்கள். முழு வடிவத்தில் அலகுக்குள் கூறு, கூறுக்குள் பாறைப்பொருள் என்று அடுக்கடுக்காக இருப்பதால் சாதாரண அட்டவணையாகத் திறக்காது. இன்னொரு பொறி: சர்வர் ஒரு தடவைக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்து, மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். முதலில் ரிசல்ட்டைப் என்ற மாறிக்கு ஹிட்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்து மொத்த எண்ணிக்கையை வாங்குங்கள். இறக்கிய பிறகு எண்ணிப் பாருங்கள். குறைந்தால் கவுண்ட், ஸ்டார்ட் இண்டெக்ஸ் மாறிகளைக் கொண்டு பகுதி பகுதியாக எடுங்கள். டபிள்யூ.எஃப்.எஸ். இல்லையென்று படத்தின் நிறத்தை வைத்துப் பாறைகளைப் பிரித்தெடுக்கப் பார்ப்பது வீண்வேலை. இரு நிறங்கள் சேரும் ஓரத்தில் வழவழப்புக்காகச் சேர்க்கப்படும் இடைநிறங்கள், அங்கே இல்லாத பாறைகளை உண்டாக்கிவிடும்.

உலகம் முழுக்க ஒரே வகைப்பாடு உடனே வேண்டுமா? ஜிலிம் என்னும் உலகப் பாறை வரைபடத்தை எடுங்கள். 2012இல் வெளியானது, 92 வரைபடங்களைச் சேர்த்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பலகோணங்களாக ஆக்கியிருக்கிறார்கள், முதல் நிலையில் 16 பாறை வகைகள். சராசரி அளவு 1:37,50,000 என்பதால் நுணுக்கம் குறைவு, பாறை வகைதான் அதன் நோக்கம், மூல வரைபடம் மாறினால் அது தானாக மாறாது. ஆற்றுநீர் வேதியியல், பாறைச் சிதைவு போன்ற கணக்குகளுக்கு அது ஒன்ஜியாலஜியைவிட ஏற்றது. ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நிரல் எழுதிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் மேக்ரோஸ்ட்ராட் என்ற நிலவியல் தரவுத்தளம் வசதியானது. ஒரு நாட்டின் நிறுவனம் தன் மண்ணைப் பற்றி என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஒன்ஜியாலஜிதான்.

உரிமத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இலவசமாகப் பார்க்கலாம் என்பதால் எடுத்து அச்சிடலாம் என்றாகிவிடாது. ஒன்ஜியாலஜிக்குத் தரவு சொந்தமில்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் நிபந்தனையை வைக்கிறது. சர்வர் தன் சேவையை விவரித்துத் தரும் கெட் கேப்பபிலிட்டீஸ் கோப்பைத் திறந்து ஃபீஸ், ஆக்சஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் என்ற இரண்டு வரிகளைப் படியுங்கள். ‘நன்’ (ஆங்கிலத்தில் ‘எதுவுமில்லை’) என்று எழுதியிருந்தால் அந்தச் சேவைக்குக் கட்டணமோ தடையோ இல்லை. காலியாக விட்டிருந்தால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல், அதே கோப்பில் தந்திருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். எழுதும்போது லேயரின் முழுப் பெயரையும் பயன்படுத்தப்போகும் விதத்தையும் குறிப்பிடுங்கள். எல்லையில் கண்ட முரண் ஏதாவது இருந்தால் ஆயத்தொலைவோடு அதையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது.