ஸ்டார்ட் ஆகாத கார், சிக்னலில் அணையும் கார்: மல்டிமீட்டரும் ஸ்கேனரும் வீட்டில் எவ்வளவு உதவும்?

பத்து வயது தாண்டிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் என்பேன். அப்புறம்தான் ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. மதுரை வெயிலில் தினமும் ஓடும் என் காரைச் சில வருடங்களாக இந்த இரண்டையும் வைத்துத்தான் கவனித்து வருகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரே போதும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? கோளாறு பெரும்பாலும் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் பக்கம்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள்.

ராத்திரி முழுக்க சும்மா நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். ஆனால் நிற்கும்போது எடுக்கும் அளவை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நல்ல சார்ஜில் இருக்கும் பேட்டரி அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிகிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது வராவிட்டால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைப் (ஆல்டர்னேட்டர்) பார்க்காமல் புது பேட்டரி போடுவது வீண் செலவு.

மீட்டர் எனக்கு மிகவும் கைகொடுத்தது பக்கத்து வீட்டு வண்டியில். அவர் புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிட்டார். செல்ஃப் அடிக்கும்போது ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதன்மேல் இருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். இரண்டும் ஒட்டியே இருப்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். வந்தது 3 வோல்ட்டுக்கு மேல்! கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மைனஸைக் கடைசியில் மாட்டினோம். அந்தப் பேட்டரி இன்னும் ஓடுகிறது.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டியில் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட் பக்கமிருந்து ஓரிரு வினாடி 'ம்ம்ம்' என்ற பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், பிறகு பம்புக்குக் கரண்ட் விடும் சிறிய சுவிட்ச் பெட்டியான ரிலேயை. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். எண் ஒன்றுதானா என்று பார்த்து மாற்றிச் செருகினால் விடை உடனே தெரிந்துவிடும்.

ஓடிக்கொண்டே அணைவதுதான் அதிகம் அலைக்கழிக்கும். சிக்னலில் கால் எடுத்ததும் ஆஃப் ஆகி, ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தால் அணையாமல் ஓடுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி. அதற்குள் திறந்து மூடும் தட்டின் ஓரத்தில் கரி படிந்து, ஐடிலிங்கில் (கால் வைக்காமல் இன்ஜின் ஓடும்போது) போக வேண்டிய காற்றை அடைத்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டை விரலால் தள்ள வேண்டாம்.

சூடானதும் அணைந்து, ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வரும். ஸ்கேனர் உதவுவது இங்கேதான். என் வண்டியில் பி0335 என்ற குறியீட்டைக் காட்டியது. ஆனால் அந்தக் குறியீடு சென்சார் சர்க்யூட்டைத்தான் குறிக்கும், சென்சார் போய்விட்டது என்று உறுதி சொல்லாது. ஒயரும் கனெக்டரும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் சென்சாரை மாற்றினேன், அதோடு தொல்லை நின்றது.

ஸ்கேனரில் குறையும் உண்டு. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் சில வண்டிகளோடு பேசவே பேசாது. மாட்டியபடியே விட்டால் நிற்கும் வண்டியின் பேட்டரியையும் மெல்ல உறிஞ்சும்.

பெட்ரோல் லைனில் நான் கை வைப்பதில்லை. உள்ளே அழுத்தம் இருக்கும், சூடான இன்ஜின் மேல் தெறித்தால் தீப்பிடிக்கும். பம்ப் பிரஷர் பார்க்க வேண்டியிருந்தால் மெக்கானிக்கிடம்தான் போகிறேன். எடுத்த வோல்ட் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரும் பேட்டரியிலிருந்து ஆரம்பிக்காமல் நேரே பம்புக்கு வந்துவிடுகிறார்.