கீழக்கரைப் பட்டறையில் கடைந்த ஐந்து வேட்டைத் தோட்டாக்கள்

நான் பணியாற்றும் பள்ளியின் வரலாற்று மன்றக் கண்காட்சிக்காக, விசைப்படகுகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து தரும் கீழக்கரை லேத் பட்டறை ஒன்றில் பழைய வேட்டைத் தோட்டாக்களின் மாதிரிகள் ஐந்தைச் செய்து வாங்கினேன். மொத்தம் 4,200 ரூபாய். முழுப் பித்தளைக் கம்பியில் கடைந்தவை என்பதால் உள்ளே வெடிமருந்துக்கும் இடமில்லை, அதைப் பற்றவைக்கும் கேப்புக்கும் இடமில்லை; போதாததற்கு ஒவ்வொன்றின் இடுப்பிலும் குறுக்கே ஒரு துளை போட்டிருக்கிறார்கள். காவல் துறையினர் யாரேனும் எடுத்துப் பார்த்தாலும் ஐயம் எழாது.

முதலில் அடிப்பாகத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டறைக்காரரின் கைத்திறன் அங்கேதான் தெரிகிறது. 1888-இல் வந்த .303 (குழலின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்) தோட்டாவின் அடியில் உள்ள விளிம்பை 13.7 மி.மீ. விட்டத்தில் பிசிறின்றி எடுத்திருக்கிறார். தோட்டா குழலுக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் சுட்ட பின் எஞ்சும் பித்தளைக் கூட்டை வெளியே இழுப்பதற்கும் அதுவே பிடி. பெட்டியில் அடுக்கி ஏற்றும் மௌசர் வகைத் துப்பாக்கிகளில் ஒரு விளிம்பு மற்றொன்றில் சிக்கும் என்பதால், 1892-இன் 7×57 (7 மி.மீ. குழல், 57 மி.மீ. நீளக் கூடு) தோட்டாவில் விளிம்பை நீக்கி அடியில் பள்ளம் வெட்டினார்கள். இதையே ரிக்பி நிறுவனம் .275 என்ற பெயரில் விற்றது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி இந்தத் தோட்டாவுக்கு உரியதுதான். அந்தப் பள்ளமும் மாதிரியில் சரியாகவே அமைந்திருக்கிறது.

பிள்ளைகள் முதலில் கை வைப்பது .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் மீது. கூடு மட்டுமே 82 மி.மீ.க்கு மேல் நீளம். 1898-இல் ரிக்பி கொண்டுவந்த இத்தோட்டா, ஏறத்தாழ 31 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 650 மீட்டருக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் செலுத்தியது. யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. படையின் பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியும் .450 குண்டையே சுட்டதால், வேட்டைத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர்களின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் அந்த அளவைத் தடை செய்தது. லண்டனில் துப்பாக்கி செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை; .465, .470, .475 என்று மயிரிழை மாற்றி அதே வேலைக்குப் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்தில் ஒன்றான மார்ட்டினி-ஹென்றி மாதிரியை .450-க்கு அருகில் வைத்தால்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும்.

குறை .375-இல்தான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வெளியிட்ட இத்தோட்டாவின் கூடு, அடியைச் சுற்றியுள்ள கச்சைக்கு மேலே 13 மி.மீ. விட்டத்தில் தொடங்கி, கழுத்தை நோக்கிச் சரியும் தோளுக்கு வருகையில் 11.4 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பட்டறை தந்தது 12.9, 12.6. "பாய், இது உருளை மாதிரி இருக்கே" என்றேன். "படத்துல நேராத்தானே தெரிஞ்சுச்சு வாத்தியாரே" என்றார். இதை நான் அற்பக் குறையாக விட்டுவிட மாட்டேன். அன்றைய கார்டைட் மருந்து, சேமியா போன்ற இழைகளாக இருந்தது. வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். அழுத்தத்தில் விரிந்த கூடு குழலை இறுகப் பிடித்துக்கொண்டால், எதிரே காயம்பட்ட விலங்கு நிற்கையில் அடுத்த தோட்டாவை ஏற்ற வழியில்லை. ஒடுக்கமாகச் சரியும் உடல், சிறிது பின்னால் இழுத்தவுடனேயே சுவரை விட்டு விலகிவிடும். வெப்ப நாடுகளுக்கென்றே வந்த அந்தச் சரிவு இல்லாவிட்டால் .375 வெறும் பித்தளைக் கட்டைதான்.

குண்டின் மூக்கு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, முழுதும் உலோக உறை மூடியதுபோல் இருப்பதும் சரியன்று. மான், புலி போன்றவற்றுக்கு ஈயம் வெளியே தெரியும் மூக்கைத்தான் பயன்படுத்தினார்கள். 1899-இன் ஹேக் பிரகடனம் போரில் விலக்கிய, உடலுக்குள் விரியும் குண்டு அதுவே.

கட்டித் தந்த விதம் அழகு, ஆனால் வினை. பனையோலைக் கொட்டானில் தேங்காய் நாரை அடைத்துக் கொடுத்தார்கள். நம் உப்புக்காற்றில் நார் ஈரத்தை வாங்கிக்கொள்ள, இரண்டே வாரத்தில் .303-இன் கழுத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. பித்தளைக்கு இதைவிடப் பெரிய பகை அமோனியா. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆங்கிலப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவால் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் தெளிவானது 1921-இல்தான். கட்டியாகக் கடைந்த மாதிரிக்கு அந்த விரிசல் எளிதில் வராது என்றாலும், வேதியியல் ஆய்வகத்து அலமாரியை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறேன்.

.375-ஐ மறுபடி கடைந்து தர, கம்பியின் விலையை மட்டும் வாங்கிக்கொள்ளப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். இங்கே செய்து வாங்க நினைப்பவர்கள் புகைப்படத்தைக் காட்டாமல், அடி, தோள், கழுத்து, மொத்த நீளம் நான்கையும் மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் ஷாஃப்ட் வேலை குவிந்துவிடுவதால், சித்திரை பிறக்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.